வி404 சிக்னி, ஜூன் 2015: ஒரு கருந்துளையைச் சுற்றி ஒளிர்ந்தது எது?

2015 ஜூன் 15, உலக நேரப்படி மாலை 6.32 மணி. இந்தியாவில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடம். காமா கதிர் வெடிப்புகளைத் தேடுவதற்காக 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், அன்னம் விண்மீன் கூட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து எக்ஸ் கதிர்கள் திடீரெனப் பெருகுவதைக் கண்டு எச்சரிக்கை அனுப்பியது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஜப்பானின் மாக்ஸி கருவியும் அதே புள்ளியைக் காட்டியது. ஒரு கருந்துளையும் அதன் துணை விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை வி404 சிக்னி. 1989க்குப் பிறகு அடங்கிக் கிடந்த அது மீண்டும் பொங்கத் தொடங்கியிருந்தது.

அடுத்த சில நாட்களில் உலகின் பெரிய தொலைநோக்கிகள் பலவும் அந்தப் பக்கம் திரும்பின. ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோள் ஜூன் 17 முதல் அதைத் தொடர்ந்து கவனித்தது. எக்ஸ் கதிர் வானியலில் பிரகாசத்துக்கு அளவுகோலாக வைக்கப்படுவது நண்டு நெபுலா. உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களில் வி404 அதைவிட 50 மடங்கு வரை பிரகாசித்தது. ஜூன் 26 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. பிறகு மளமளவென்று சரிந்தது.

கருந்துளையிலிருந்து ஒளி வெளியேறாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியானால் இத்தனை கருவிகளில் பதிவானது என்ன? உள்ளே விழுந்துகொண்டிருந்த பொருளும், விழாமல் தப்பிய பொருளும் வெளியிட்ட ஒளி அது. வி404இல் அந்த ஒளி ரேடியோ அலை முதல் காமா கதிர் வரை ஒரே சமயத்தில் அளக்கப்பட்டது. ஒவ்வொரு அலைநீளமும் கருந்துளையிலிருந்து வெவ்வேறு தொலைவில் நடப்பதைச் சொல்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நிகழ்வுகள் குறைவு. செய்திகளில் இடம்பிடித்தது எக்ஸ் கதிர் உச்சம். ஆனால் இந்த நிகழ்வின் தொடக்கத்தையும் முடிவையும் விளக்கிய சான்றுகள் கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியில்தான் கிடைத்தன. என் பார்வையில் இந்த ஆய்வின் மையமே அதுதான்.

பின்னணி

1938இல் இந்த விண்மீன் பிரகாசமானபோது அதை ஒரு நோவா என்று பதிவு செய்தார்கள். எரிந்து ஓய்ந்த விண்மீனின் எச்சமான வெண்குறுமீன் ஒன்றின் மேற்பரப்பில் சேர்ந்த வாயு அணுக்கரு வினையால் வெடிப்பதுதான் நோவா. அன்று அப்படி நினைத்ததில் தவறில்லை. எக்ஸ் கதிரில் வானத்தைப் பார்க்கும் கருவி எதுவும் அப்போது கிடையாது. 1989 மே மாதம் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் அந்தத் திசையில் ஒரு புதிய எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டுபிடித்தது. அதன் இருப்பிடமும் பழைய நோவாவின் இருப்பிடமும் ஒன்றே என்று தெரிந்தது.

கருந்துளை என்று அடித்துச் சொல்லும் சான்று 1992இல் வந்தது. கொந்தளிப்பு அடங்கிய பின், லா பால்மா தீவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியால் ஹோர்ஹே காசாரெஸும் அவருடைய சகாக்களும் துணை விண்மீனின் நிறமாலையை, அதாவது அலைநீள வாரியாகப் பிரித்த அதன் ஒளியை, எடுத்தார்கள். அதன் கோடுகள் 6.47 நாட்களுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் நகர்ந்தன. அந்த விண்மீன் வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் எதையோ சுற்றுகிறது என்பது அதன் பொருள். கெப்ளர் விதியில் இந்த இரண்டு எண்களையும் இட்டால், சுற்றப்படும் பொருளின் நிறை குறைந்தபட்சம் ஆறு சூரிய நிறை என்று வருகிறது. வெடித்த பெரிய விண்மீனின் அடர்ந்த எச்சமான நியூட்ரான் விண்மீன் ஏறத்தாழ மூன்று சூரிய நிறைக்கு மேல் தாங்காது. மிச்சம் இருப்பது கருந்துளை ஒன்றே.

பிற்கால அளவீடுகள் அதன் நிறையை சுமார் ஒன்பது சூரிய நிறை என்கின்றன. துணை விண்மீன் சூரியனைவிடக் குளிர்ந்தது, நிறையில் சிறியது, ஆனால் முதுமையால் ஊதிப் பெருத்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு கோடி கிலோமீட்டர். இவ்வளவு நெருக்கத்தில் துணை விண்மீனின் மேலடுக்கு வாயு கருந்துளையின் ஈர்ப்புப் பக்கம் வழிந்துவிடுகிறது. 2009இல் ரேடியோ இடமாறு தோற்ற முறையில் (பூமி சூரியனைச் சுற்றும்போது ஒரு பொருளின் இடம் சற்று நகர்ந்து தெரிவதை அளக்கும் முறை) தொலைவும் துல்லியமாகக் கிடைத்தது: சுமார் 7,800 ஒளியாண்டுகள். 2015இல் நாம் பார்த்தது 7,800 ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்தது.

விழும் பொருள் ஏன் ஒளிர்கிறது?

வழியும் வாயு நேராகக் கருந்துளைக்குள் போய் விழுவதில்லை. துணை விண்மீனோடு சேர்ந்து சுற்றிய வேகம் அதனிடம் இருக்கிறது. எனவே அது கருந்துளையைச் சுற்றி ஒரு வட்டாகப் பரவுகிறது. வி404இன் வட்டு ஒரு கோடி கிலோமீட்டர் வரை விரிந்து கிடக்கும் அளவுக்குப் பெரியது. கருந்துளையின் நிகழ்வெல்லையோ, அதாவது ஒளியும் திரும்ப முடியாத எல்லையோ, 27 கிலோமீட்டர் ஆரம் மட்டுமே கொண்டது. அவ்வளவு தொலைவிலிருந்து இவ்வளவு சிறிய வாய்க்குள் வாயு இறங்க வேண்டுமானால் தன் கோண உந்தத்தை (சுற்றும் இயக்கத்தின் அளவை) யாரிடமாவது கொடுத்தாக வேண்டும்.

யாரிடம் கொடுக்கிறது என்ற கேள்வி வானியலாளர்களை நீண்ட காலம் வாட்டியது. சாதாரண உராய்வு இதற்குக் கொஞ்சமும் போதாது. விடை காந்தப்புலத்தில் இருந்தது. மின்னூட்டம் பெற்ற வாயுவோடு காந்தக் கோடுகள் பிணைந்திருக்கும். உள்வட்டத்து வாயு வேகமாகச் சுற்றும், வெளிவட்டத்து வாயு மெதுவாகச் சுற்றும். இரண்டையும் இணைக்கும் காந்தக் கோடு இழுபடும்போது உள்ளே இருப்பது வேகம் இழந்து இறங்குகிறது. வெளியே இருப்பது உந்தம் பெற்று விலகுகிறது. இழுவை அதிகமாக ஆக வாயு கொந்தளிக்கிறது. இந்த நிலையின்மையை 1959இல் ரஷ்யாவின் வெலிகோவும், 1960இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துச் சிகாகோவில் பணியாற்றிய சுப்ரமணியன் சந்திரசேகரும் கணித வடிவில் கண்டிருந்தார்கள். கருந்துளை வட்டுகளுக்கு அதுதான் திறவுகோல் என்பதை 1991இல் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் உணர்த்தினார்கள். இடையில் முப்பது ஆண்டுகள். அறிவியலில் விடை கேள்விக்கு முன்பே வந்து காத்திருந்த நேரங்களில் இதுவும் ஒன்று.

இறங்க இறங்க ஈர்ப்பு ஆற்றல் வெப்பமாகிறது. சுழலாத கருந்துளையைச் சுற்றி நிலைத்துச் சுற்றக்கூடிய கடைசி வட்டப்பாதைக்கு வருவதற்குள், ஒரு கிலோ வாயு தன் நிறைக்கு ஈடான ஆற்றலில் 5.7 சதவீதத்தை வெளியிட்டுவிடுகிறது. மிக வேகமாகச் சுழலும் கருந்துளையில் இது 42 சதவீதம் வரை போகலாம். சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது கிடைப்பது 0.7 சதவீதம்தான். அணுக்கரு இணைவை வெறும் வீழ்ச்சி இப்படி விஞ்சுகிறது.

வட்டின் எல்லா இடமும் ஒரே நிறத்தில் ஒளிர்வதில்லை. வெளிவிளிம்பில் வெப்பநிலை சில ஆயிரம் டிகிரி. அங்கிருந்து வருவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. உள்ளே போகப் போகப் புற ஊதா. கருந்துளையை ஒட்டிய சில நூறு கிலோமீட்டருக்குள் வெப்பநிலை ஒரு கோடி டிகிரியை எட்டுகிறது. அங்கே எக்ஸ் கதிர். அதற்கும் மேலே, நூறு கோடி டிகிரி அளவுக்குச் சூடான எலெக்ட்ரான்கள் கொண்ட மெல்லிய மேகம் ஒன்று உள்வட்டைச் சூழ்ந்திருக்கிறது. கொரோனா என்று அதற்குப் பெயர். வட்டிலிருந்து கிளம்பும் ஃபோட்டான்கள் இந்த எலெக்ட்ரான்களில் மோதி ஆற்றலை வாங்கிக்கொண்டு கடும் எக்ஸ் கதிர்களாக வெளியேறுகின்றன. இன்டெக்ரல் அளந்த கதிர்களில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது.

எச்சரிக்கைக்கு முந்தைய வாரம்

26 ஆண்டுகள் அமைதி, இரண்டு வாரம் கொந்தளிப்பு. ஏன் இப்படி? துணை விண்மீனிலிருந்து வாயு எப்போதும் வழிந்துகொண்டுதான் இருக்கிறது. வட்டு குளிர்ந்திருக்கும்போது ஹைட்ரஜன் அயனியாகாமல் இருக்கிறது. மின்னூட்டம் இல்லாத வாயுவைக் காந்தப்புலத்தால் பிடித்து இழுக்க முடியாது. எனவே வாயு உள்ளே இறங்காமல் சேர்ந்துகொண்டே போகிறது. சேரச் சேரச் சூடு ஏறி, ஒரு கட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் ஹைட்ரஜன் அயனியாகத் தொடங்கியதும் காந்தப் பிடி இறுகுகிறது, உராய்வு கூடுகிறது, சூடு இன்னும் ஏறுகிறது, பக்கத்து வாயுவும் அயனியாகிறது. ஆண்டுக்கணக்கில் நிரம்பிய ஏரியில் ஓரிடத்தில் கரை உடைந்தால் உடைப்பு தன்னைத் தானே அகலப்படுத்திக்கொள்ளுமே, அதே போல.

இது கோட்பாடு. வி404இல் இதன் தொடக்கம் கையும் களவுமாகப் பிடிபட்டது. ஹவாய்த் தீவுகளிலுள்ள இரண்டு மீட்டர் ஃபாக்ஸ் தொலைநோக்கியால் ஒரு குழு பத்து ஆண்டுகளாக வி404ஐ விடாமல் படம் எடுத்துவந்தது. எதுவும் நடக்காத ஒரு மங்கலான புள்ளியைப் பத்து ஆண்டு பின்தொடர்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. ஸ்விஃப்ட் எச்சரிக்கைக்கு ஒரு வாரம் முன்பே கண்ணுறு ஒளி வழக்கத்தைவிட 0.1 முதல் 0.3 பருமன் (விண்மீன் பிரகாசத்தின் அலகு) வரை கூடியிருந்ததைப் பழைய படங்களில் கண்டார்கள்.

இன்னொரு பதிவு அதைவிட அருமையானது. எச்சரிக்கைக்கு 13 மணி நேரம் முன்பு, தற்செயலாக வி404இன் நிறமாலை ஒன்று எடுக்கப்பட்டிருந்தது. அதில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு வழக்கத்தைப் போல் ஏழு மடங்கு வலுவாக இருந்தது. துணை விண்மீனின் கோடுகள் வட்டின் ஒளியில் மங்கிப்போயிருந்தன. ஆனால் அயனி ஹீலியத்தின் கோடு இல்லை. வலுவான எக்ஸ் கதிர்கள் வட்டின் மேல் பட்டிருந்தால் அந்தக் கோடு தோன்றியிருக்க வேண்டும். வட்டு பற்றிக்கொண்டுவிட்டது, கருந்துளைக்கு அருகே இன்னும் எதுவும் வந்து சேரவில்லை என்பதை இந்த ஒற்றை நிறமாலை சொல்லிவிட்டது. பெடரிகோ பெர்னார்டினி தலைமையிலான குழு 2016இல் இதை வெளியிட்டது. அவர்களுடைய விளக்கம் இது: அமைதிக் காலத்தில் வட்டின் உள்பகுதி காலியாக இருந்தது, அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டு வாயு உள்ளே வர ஒரு வாரம் ஆனது, வந்து சேர்ந்த அன்றுதான் எக்ஸ் கதிர் எரிந்தது. ஸ்விஃப்ட் கண்டது தொடக்கத்தை அல்ல, ஒரு வாரப் பயணத்தின் முடிவை.

உச்சத்தில் நடந்தவை

அமைதிக் காலத்தில் பெரிய தொலைநோக்கிகளுக்கே எட்டும் அளவுக்கு மங்கிய இந்தப் புள்ளி, ஜூன் மூன்றாம் வாரத்தில் பல நூறு மடங்கு பிரகாசித்து, 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்களுக்கும் தெரிந்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மாரிகோ கிமுராவும் சகாக்களும் பல நாடுகளின் கண்காணிப்பாளர்களிடமிருந்து அளவீடுகளைத் திரட்டி 2016இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஒளி 100 வினாடி முதல் இரண்டரை மணி நேரம் வரையிலான கால அளவுகளில் ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருந்தது. கருந்துளையின் துடிப்பை எக்ஸ் கதிர்க் கருவி இல்லாமலேயே, ஒரு மொட்டை மாடியிலிருந்தும் பின்தொடரலாம் என்று அது நிறுவியது.

எக்ஸ் கதிரின் ஏற்ற இறக்கமோ இன்னும் கடுமையானது. சில நிமிடங்களில் பன்மடங்கு ஏறும், அதே வேகத்தில் விழும். ஒரு பகுதி, விழும் பொருளின் அளவே மாறியதால். இன்னொரு பகுதி, தடித்து உப்பிய உள்வட்டும் அதிலிருந்து கிளம்பிய வாயுவும் மையத்தை அவ்வப்போது மறைத்ததால். எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. ஒன்பது சூரிய நிறையுள்ள பொருளுக்கு எடிங்டன் வரம்பு சுமார் மூன்று லட்சம் சூரியன்களின் ஒளி. அதற்கு மேல் போனால் கதிரின் அழுத்தமே விழும் பொருளைத் தள்ளிவிடும். வி404 உச்சத்தில் அந்த வரம்பை நெருங்கியது. உள்வட்டு உப்பியதற்கும் காரணம் அந்த அழுத்தமே.

உள்ளே வந்த எல்லாம் விழவில்லை. ஒரு பகுதி காந்தப்புலத்தால் முறுக்கப்பட்டு, ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கோடு இரு எதிர்த் திசைகளில் தாரைகளாகப் பீறிட்டது. தாரையில் எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடி சிங்க்ரோட்ரான் கதிர்களை உமிழ்கின்றன. ரேடியோவும் அகச்சிவப்பும் கண்ணுறு ஒளியின் ஒரு பங்கும் அங்கிருந்து வருபவை. அது கருந்துளையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஒளிரத் தொடங்குகிறது? பொஷக் காந்தி தலைமையிலான குழு நூஸ்டார் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்ப் பதிவையும், வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பொருத்திய அல்ட்ராகேம் அதிவேகக் கேமராவின் பதிவையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டது. எக்ஸ் கதிர் மின்னியதற்கு 0.1 வினாடி கழித்து கண்ணுறு ஒளி மின்னியது. 0.1 வினாடியில் ஒளி கடப்பது 30,000 கிலோமீட்டர். 7,800 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஒரு தாரையின் அடித்தளத்தை அவர்கள் கடிகாரத்தை வைத்து அளந்தார்கள். எந்தத் தொலைநோக்கியாலும் அந்த இடைவெளியைப் படமாகப் பிரித்துக் காட்ட முடியாது.

ஜூன் 22 அன்று அமெரிக்காவின் விஎல்பிஏ ரேடியோ தொலைநோக்கி வலையம் நான்கு மணி நேரம் தாரைகளைப் பார்த்தது. வழக்கமாக இவ்வளவு நேரப் பதிவைச் சேர்த்து ஒரே படமாக்குவார்கள். அப்படிச் செய்தபோது படம் குழம்பியது. பொருள்கள் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் மில்லர்ஜோன்ஸ் குழு பதிவை 70 வினாடித் துண்டுகளாக வெட்டி 103 படங்களாக்கியது. அப்போது உண்மை தெரிந்தது: தாரைகள் நிமிடங்களிலும் மணிகளிலும் திசை மாறிக்கொண்டிருந்தன. சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையே இழுத்துச் சுழற்றும் என்று பொதுச் சார்பியல் சொல்கிறது. வட்டின் தளம் கருந்துளையின் சுழற்சி அச்சுக்குச் சாய்ந்திருந்தால், உப்பிய உள்வட்டு அந்த இழுப்பில் தள்ளாடும், தாரையும் கூடவே தள்ளாடும். 2019இல் நேச்சரில் வந்த இந்த விளக்கம் எனக்கு மிகவும் ஏற்புடையதாகப் படுகிறது.

ஏன் இரண்டே வாரம்?

இவ்வளவு பெரிய வட்டில் சேர்ந்திருந்த பொருள் கருந்துளைக்குள் வடிய மாதக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஜூன் முடிவதற்குள் ஒளி சரிந்துவிட்டது.

கேனரி தீவுகளின் 10.4 மீட்டர் தொலைநோக்கியால் தியோ முன்யோஸ்டாரியாஸ் குழு எடுத்த நிறமாலைகளில் விடை இருந்தது. ஹைட்ரஜன், ஹீலியம் கோடுகளின் நீலப் பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. நம்மை நோக்கி வரும் வாயு ஒளியை விழுங்கினால்தான் அப்படிப் பள்ளம் விழும். அளந்து பார்த்தால் வினாடிக்கு 3,000 கிலோமீட்டர் வரை வேகம். வட்டின் வெளிப்பகுதியிலிருந்து குளிர்ந்த, மின்னூட்டமற்ற வாயு காற்றாக வீசிக்கொண்டிருந்தது. உள்ளே எரியும் எக்ஸ் கதிர் வெளிவட்டின் வாயுவை விரட்டியது. அந்த வாயுதான் அடுத்து உள்ளே வர வேண்டிய எரிபொருள். வரத்து அறுந்ததும் மையம் அணைந்தது. கருந்துளை தன் பசி தீர்ந்து நிற்கவில்லை. பந்தியில் இருந்ததை அதன் ஒளியே வாரி வெளியே இறைத்துவிட்டது.

மையம் அணைந்த பிறகும் அதன் எக்ஸ் கதிர்கள் வந்துகொண்டிருந்தன. ஜூன் 30 அன்று ஸ்விஃப்ட் எடுத்த படத்தில் வி404ஐச் சுற்றி வளையங்கள் தெரிந்தன. ஜூன் 26இன் பெருஞ்சுடர் நேர்வழியில் நம்மை அடைந்துவிட்டது. வழியிலிருந்த தூசி மேகங்களில் பட்டுச் சிதறிய பங்கு சற்று நீண்ட பாதையில் தாமதமாக வந்தது. தாமதம் கூடக் கூட வளையம் விரிகிறது. ஜூலை 11, 25 நாட்களில் சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம், மேலே சொன்ன சந்திரசேகரின் பெயரைத் தாங்கியதே அது, இவற்றைத் துல்லியமாகப் படம்பிடித்தது. செபாஸ்டியன் ஹைன்ஸ் குழு அதில் எட்டு வளையங்களைப் பிரித்தறிந்தது. ஒவ்வொன்றும் இடையிலுள்ள தூசித் திரட்சிகளின் தொலைவைக் காட்டியது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இன்டெக்ரல் தரவில் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி அழியும் அடையாளம் தெரிவதாக 2016இல் ஒரு குழு நேச்சரில் எழுதியது. அதே கருவியின் தரவை வேறு முறையில் பகுத்த இன்னொரு குழு அதை ஏற்கவில்லை. உச்சச் சுடர்களின்போது கருவியே திணறும் நிலையில், அத்தகைய மெல்லிய அடையாளத்தை நான் இப்போதைக்கு நிரூபணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2015 டிசம்பரில் வி404 மறுபடியும் சிறிதாகக் கொந்தளித்தது. அப்போதும் நிறமாலையில் அதே காற்று தெரிந்தது. முன்னோட்ட ஒளியைக் கண்ட குழுவினரோ அத்தகைய ஏற்றங்களைப் பழைய படங்களில் பின்னால் தேடாமல் நடக்கும்போதே பிடிக்க ஒரு தானியங்கி ஏற்பாட்டை உருவாக்கினார்கள். வி404 போன்ற பல எக்ஸ் கதிர் இரட்டைகளின் கண்ணுறு ஒளிப் படங்கள் எடுக்கப்பட்ட உடனே அதில் அளக்கப்படுகின்றன. 2019இல் எஸ்ஏஎக்ஸ் ஜே1808.4 என்ற நியூட்ரான் விண்மீன் இரட்டையில் எக்ஸ் கதிர் தொடங்குவதற்கு 12 நாட்கள் முன்பே வட்டின் ஒளி கூடியது பதிவானது.